தொலைநிலை ஆசிரியர் கல்விப் பாடங்களில் முன்னிலை: மொழிபெயர்ப்பு நோக்கில் சில கருத்துகள்

1. முன்னுரை

தமிழ் இலக்கணம் இடத்தை மூன்றாகப் பகுக்கிறது. பேசுவோர் தன்மை; கேட்போர் முன்னிலை; இவ்விருவரும் அல்லாதவை படர்க்கை. இவற்றுள் முன்னிலை என்னும் சொல்லின் நேர்ப்பொருள் முன்னே நிற்றல் என்பதாகும். தொலைநிலைக் கல்வியில் இக்குறியீடு தன் நேர்ப்பொருளை இழந்துவிடுகிறது. பாடம் யாரை நோக்கிப் பேசுகிறதோ அவர் முன்னே இல்லை. அவர் முகம் சுளிப்பதையோ, புரிந்தது போலத் தலையசைப்பதையோ, பக்கத்திலிருப்பவரிடம் ஐயம் கேட்பதையோ பாடத்தை எழுதியவர் காண இயலாது. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் குரலாலும் பார்வையாலும் திரும்பச் சொல்லுதலாலும் செய்யும் பணி முழுவதையும் இங்கு எழுத்துமொழி ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி இந்தியாவில் பெருமளவு திரைக்கு மாறியுள்ள இக்காலத்தில், இந்திய மொழிகளில் கிடைக்கும் பயிற்சிப் பாடங்களுள் பெரும்பகுதி மொழிபெயர்ப்புகளே. மொழிபெயர்ப்பில் கலைச்சொற்களுக்குக் காட்டப்படும் கவனம், பாடம் கற்பவரை நோக்கி எவ்வாறு பேசுகிறது என்பதற்குக் காட்டப்படுவதில்லை. இதனால் விளையும் இழப்பு சிறிதன்று என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஆராய்ச்சிக்குரிய மொழி தமிழ். ஒப்பீட்டுக்காகப் பிற இந்திய மொழிகள் சில சுட்டப்படுகின்றன. எடுத்துக்காட்டுத் தொடர்கள் யாவும் விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட எந்தப் பாடத்தினின்றும் எடுக்கப்பட்டவை அல்ல.

தொலைநிலைக் கல்வி பற்றிய கோட்பாடுகள் இக்கருத்துக்கு இடம் தருகின்றன. சுவீடன் நாட்டுக் கல்வியாளர் ஹோம்பெர்க், தொலைநிலைப் பாடம் என்பது வழிநடத்தப்பட்ட ஓர் உரையாடல் என்றார். கற்பவர் படிக்கும்போதே தம் மனத்துள் ஆசிரியருடன் பேசுகிறார். பாடத்தின் மொழி அப்பேச்சைத் தூண்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்க அறிஞர் மூர், தொலைவு என்பது மைல் கணக்கு அன்று என்றார். உரையாடல் குறைந்து, பாடத்தின் கட்டமைப்பு இறுகும்போது தொலைவு மிகுகிறது என்பது அவர் விளக்கம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரௌன்ட்ரீ, நல்ல பாடத்தை அச்சில் அமைந்த தனிப்பயிற்சி எனக் குறித்தார். மூவர் கூற்றும் உரையாடலையே மையமாகக் கொண்டவை. உரையாடல் என்றாலே யார் யாரிடம் பேசுகிறார் என்னும் வினா எழும். மூலநூலில் விடை பெற்றிருக்கும் இவ்வினா மொழிபெயர்ப்பில் மீண்டும் திறக்கப்படுகிறது.

2. அஞ்சலிலிருந்து திரை வரை

இந்தியாவில் பல்கலைக்கழக அளவிலான அஞ்சல்வழிக் கல்வி 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1982இல் ஐதராபாத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. அஞ்சல்வழி, தொலைதூர, தொலைநிலை என மாறிவந்த அடைமொழிகளே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. முதலாவது பாடம் வந்து சேரும் வழியையும், இரண்டாவது இடைவெளியின் அளவையும், மூன்றாவது கற்பவரின் நிலையையும் சுட்டுகின்றன.

எனினும் நம் நோக்கிற்கு இவற்றினும் முக்கியமானது 1975-76ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையாகும். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு, 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், ஆந்திரப் பிரதேசம், ஒரிசா, கர்நாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் இருபது மாவட்டங்களில், ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. இந்தி, ஒரியா, கன்னடம், தெலுங்கு ஆகியவை நிகழ்ச்சி மொழிகள். ஒரு காட்சித் தடத்துடன் இரு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இருந்தமையால் ஒரே படத்தை இரு மொழிகளில் கேட்பிக்க முடிந்தது. இன்றைய பன்மொழிக் காணொலிப் பாடத்தின் முன்னோடி என இதனைக் கூறலாம்.

இப்பரிசோதனையின் ஒரு பகுதியாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் பயிற்சி தரப்பட்டது. 1975 அக்டோபரில் பள்ளி விடுமுறையின்போது நடைபெற்ற பன்னிரண்டு நாள் பயிற்சியில் சுமார் 24,000 ஆசிரியர்கள் பங்கேற்றனர். தொலைக்காட்சி, வானொலி, அச்சுப்பாடம், செய்முறை, கலந்துரையாடல் ஆகியவை அதில் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மையத்திலும் ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து பார்த்தனர், பார்த்தபின் பேசினர். திரையில் ஒலித்தது பொதுமொழியாயினும், அது முடிந்தவுடன் அவ்வட்டாரப் பேச்சில் அதனை விளக்கவும் மறுக்கவும் அறையில் ஆட்கள் இருந்தனர். மொழிபெயர்ப்பின் குறையை நிறைவு செய்யும் ஓர் அடுக்கு அவ்வமைப்புக்குள்ளேயே இருந்தது என்பது கருதத்தக்கது.

2004இல் ஏவப்பட்ட எஜுசாட் வரையிலும் இவ்வடுக்கு ஏதேனும் ஒரு வடிவில் தொடர்ந்தது. அது மறைந்தது திறன்பேசியின் வருகையோடுதான்.

3. இன்றைய மேடை

2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட 'தீக்ஷா' என்னும் மேடை, சன்பேர்டு என்ற திறமூல மென்பொருளின்மேல் அமைந்தது. மாநிலங்கள் தத்தம் பாடங்களை அதில் ஏற்றிக்கொள்ளலாம். 2018ஆம் ஆண்டின் புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீடுகள் இம்மேடைக்கே மாணவரை இட்டுச் சென்றன. 2019 ஆகஸ்டில் 'நிஷ்டா' எனப்படும் தேசியப் பயிற்சித் திட்டம், தொடக்கநிலையில் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களைச் சென்றடையும் நோக்கத்துடன் நேர்முகப் பயிற்சியாகத் தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், அவ்வாண்டு அக்டோபரில் அது பதினெட்டுப் பாடக்கூறுகளாகத் தீக்ஷாவுக்கு மாற்றப்பட்டது. தேசிய நிலையில் உருவாக்கப்பட்ட பாடக்கூறுகளை மாநிலங்கள் தம் மொழியில் பெயர்த்தும் தம் சூழலுக்கு ஏற்பத் திருத்தியும் வழங்கின.

இம்மாற்றத்தில் பாடப்பொருள் பெரிதும் மாறவில்லை; அறைதான் மறைந்தது. நேர்முகப் பயிற்சியில் வட்டார வளமையக் கருத்தாளர் ஒருவர் மொழிபெயர்ப்பின் கடினத் தொடரைப் படித்துவிட்டு, 'அதாவது' என்று தொடங்கிப் பேச்சுத்தமிழில் சொல்வார். இந்த 'அதாவது'தான் பயிற்சியின் உயிர். திரையில் அது இல்லை. ஆசிரியர் இரவு உணவுக்குப்பின், ஐந்து அங்குலத் திரையில், பெரும்பாலும் தம் பிள்ளைகளும் பயன்படுத்தும் கைபேசியில், தனித்துப் படிக்கிறார். ஊரகப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி உள்ளவற்றின் விகிதம் 2018இல் 36.5 விழுக்காடாகவும் 2020இல் 61.8 விழுக்காடாகவும் இருந்ததாக அசர் ஆய்வறிக்கை காட்டியது. கருவி பரவிய விரைவுக்கு மொழி ஈடுகொடுத்ததா என்பது வேறு வினா.

பாடக்கூற்றின் இறுதியில் வினாத்தாள், பின்பு சான்றிதழ். சான்றிதழுக்கான விடைகள் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூபிலும் உலவியதை அனைவரும் அறிவர். ஆசிரியர்களின் சோம்பலே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. தம்மை நோக்கிப் பேசாத ஒரு பாடத்தை எவரும் கடந்துசெல்லவே விரும்புவர் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இப்பயிற்சிகள் சிலருக்கு வாழ்வாதாரத்தோடு தொடர்புடையன. 2017இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பணியிலிருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் எனக் காலவரம்பு விதிக்கப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்திய தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 'ஸ்வயம்' இணையமேடையும் தொலைக்காட்சி அலைவரிசைகளும் அதற்குப் பயன்பட்டன. அப்பதினெட்டு மாதப் பட்டயம் வழக்கமான ஈராண்டுப் பட்டயத்திற்கு இணையாகாது என 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத் திருத்தத்தின்போது பணியிலிருந்தோரின் நிலை பின்வந்த ஆணைகளில் தெளிவாக்கப்பட்டது. வேலையை இழக்கும் அச்சத்துடன் ஒரு பாடத்தைப் படிப்பவருக்கு அதன் ஒவ்வொரு தொடரும் எடையுடையது.

4. ஏவல், வியங்கோள், '-வும்'

தொலைநிலைப் பாடத்தில் மிகுதியாக வருவன கட்டளைத் தொடர்கள். படியுங்கள், எழுதுங்கள், எண்ணிப் பாருங்கள், உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள் என்பன போல்வன. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஒரே வினைவடிவம் உண்டு. தமிழில் குறைந்தது மூன்று உண்டு: 'எழுதுங்கள்', 'எழுதுக', 'எழுதவும்'. மூன்றும் ஒரே பொருளன என்று கருதி, மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றை ஒரே பக்கத்தில் மாறிமாறிப் பயன்படுத்துவதைக் காணலாம். 2018க்குப் பிந்தைய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீட்டைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் பகுதியே இதற்குச் சான்று. தலைப்பு '-வோம்' என முடிந்து மாணவரைத் தன்னுடன் அழைக்கிறது. அடுத்து வரும் படிகள் '-க' என்றும் '-வும்' என்றும் முடிகின்றன.

இலக்கண நிலையில் இவை வேறானவை. 'எழுதுங்கள்' ஏவல், முன்னிலைக்கே உரியது. 'எழுதுக' வியங்கோள். இது தன்மையோடும் முன்னிலையோடும் பொருந்தாது என்று தொல்காப்பியர் விதித்தார். நன்னூலார் மூவிடத்திற்கும் பொது என்றார். இருவர் கூற்றையும் எவ்வாறு கொள்ளினும், வியங்கோள் முன்னிலையாரைத் தனித்துச் சுட்டும் வடிவம் அன்று என்பது பெறப்படும். தேர்வுத்தாளில் 'விடை தருக' என்பது பொருத்தமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. தேர்வுத்தாள் எவரிடமும் பேசுவதில்லை. அது பொதுவாக ஆணையிடுகிறது.

மூன்றாவதான 'எழுதவும்' என்னும் வடிவமே இன்று மிகுதியாக வழங்குகிறது. செயவென் எச்சத்துடன் 'உம்' சேர்ந்த இவ்வடிவத்தில் இடம் உணர்த்தும் விகுதி எதுவும் இல்லை. 'காலணிகளை வெளியே விடவும்', 'சில்லறை தரவும்' என அறிவிப்புப் பலகையில் வாழும் வடிவம் இது. பணிவாகத் தோன்றினும், அதன் பணிவு முகம் காட்டாத பணிவு. ஆசிரியர் கல்விப் பாடம் முழுவதும் '-வும்' என முடியுமாயின், பாடம் சுற்றறிக்கையாக மாறுகிறது. ஆசிரியர்கள் சுற்றறிக்கைகளை எவ்வாறு படிப்பர் என்பதை நாம் அறிவோம்: கடைசித் தேதி எது என்று மட்டும் பார்ப்பர்.

ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பாடங்களில் அடிக்கடி வரும், சற்று நின்று எண்ணிப்பார் என்ற பொருளுடைய இரு சொல் தலைப்பு 'இடைநிறுத்திச் சிந்திக்கவும்' எனப் பெயர்க்கப்படலாம். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் இடைநிறுத்தம் என்பது காணொலிக்கு உரியது. மனிதர் இடைநிற்பது பள்ளிக் கல்வியில் வேறொரு துன்பமான பொருளையும் தரும். 'இங்குச் சற்று நில்லுங்கள். சென்ற வாரம் உங்கள் வகுப்பில் வாய்திறவாத பிள்ளை யார் என்று எண்ணிப் பாருங்கள்' என விரிக்கும்போது அது நீண்டுவிடுகிறது என்பது உண்மை. எனினும் ஆசிரியர் நிற்பது இத்தொடரில்தான்.

'-இப் பார்', '-இக் கொள்' என்னும் துணைவினைகள் இவ்விடத்தில் மிகப் பயனுடையன. 'செய்யுங்கள்' என்பது ஆணை. 'செய்து பாருங்கள்' என்பது முயற்சிக்கு அழைப்பு, தோற்றாலும் குற்றமில்லை என்னும் குறிப்பையும் உடையது. 'குறித்துக்கொள்ளுங்கள்' என்பதில் குறிப்பு படிப்பவருக்கே உரியது, எவரும் திருத்தப் போவதில்லை என்பது உள்ளுறையாக நிற்கிறது. ஆங்கில மூலத்தில் இவற்றுக்கு நேர்ச்சொல் இராது. ஆகவே மூலத்தை மட்டுமே நோக்கிப் பெயர்ப்பவர் இவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு குறைவு.

5. நாமும் நாங்களும்

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என இரண்டு. தெலுங்கிலும் (மனம், மேமு) மலையாளத்திலும் (நம்மள், ஞங்ஙள்) இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே இரண்டுக்கும் வழங்குகிறது. இந்தோ ஆரிய மொழிகளுள் இந்தியும் வங்காளமும் இவ்வேறுபாடு அற்றவை; மராத்தியும் குஜராத்தியும் உடையவை. மராத்தியில் உளப்பாட்டுத் தன்மைச் சொல்லாகிய 'ஆபண்' மரியாதை முன்னிலைக்கும் வழங்குவது சுவையான செய்தி. ஆகவே தில்லியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்ட ஒரு பாடம் சென்னைக்கோ புணேவுக்கோ செல்லும்போது, மூல ஆசிரியர் எண்ணியே பாராத ஒரு முடிவை மொழிபெயர்ப்பாளர் எடுக்க வேண்டியவராகிறார்.

'முன் பகுதியில் நாம் கண்டோம்' என்பதில் சிக்கலில்லை. 'இப்பாடத்தில் நாங்கள் முன்வைக்கும் கருத்து' என்பதிலும் இல்லை. அது பாடக்குழுவின் குரல். சிக்கல் மூன்றாவது வகையில் எழுகிறது. 'நாம் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்' என்னும் பொருளுடைய தொடரைக் கருதுக. எழுதியவர் பள்ளி ஆசிரியராக இருந்தால் 'நாம்' உண்மையாகும். எழுதியவர் இருபதாண்டுகளாகத் தொடக்கப்பள்ளி வகுப்பில் நில்லாத வல்லுநர் எனில், 'நாம்' என்பது போலியான உறவு. படிக்கும் ஆசிரியர் அதனை உடனே உணர்வார். 'நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்' என்றால் குற்றச்சாட்டு. 'நாங்கள்' என்பதோ பொருளையே சிதைக்கும். ஆங்கிலம் இம்மூன்றுக்கும் நடுவே மூடிவைத்த ஒன்றைத் தமிழ் வெளிப்படையாகச் சொல்லுமாறு கட்டாயப்படுத்துகிறது.

இதற்கு மொழிக்குள்ளேயே ஒரு வழி உண்டு. வேறுபாடு பெயரில் உள்ளதேயன்றி வினைவிகுதியில் இல்லை. 'கண்டோம்' என்பது நாம், நாங்கள் இரண்டுக்கும் பொது. பெயரை விடுத்து வினையை மட்டும் வைத்தால் இரட்டைப்பொருள் காக்கப்படும். தமிழ் இயல்பாகவே எழுவாயை விடும் மொழியாதலால் இது செயற்கையாகவும் தோன்றாது. எனினும் எல்லா இடத்திலும் இவ்வாறு தப்பித்துக்கொள்வது நன்றன்று. சில இடங்களில் பாடத்தை எழுதியவரிடமே இது யார் குரல் என்று கேட்டுவிடுவதுதான் முறை. பெரிய திட்டங்களில் மொழிபெயர்ப்பாளர் மூல ஆசிரியரைக் கேட்க வழியிருப்பது அரிது.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாட அலகுகளின் இறுதியில் 'தொகுத்துக் காண்போம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு வழக்கமாக இடம்பெறும். இத்தகைய தலைப்பைத் தமிழில் 'தொகுப்புரை' என்று பெயர்ச்சொல்லாக்குவது நம் ஆய்வேட்டு மரபின் தாக்கம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் முன்னதில் இருவர் சேர்ந்து செய்த செயல், பின்னதில் ஒரு பக்கத்தலைப்பாகிவிடுகிறது.

6. பொத்தான்களின் தமிழ்

பாடத்தைச் சுற்றியுள்ள இடைமுகமும் பேசுகிறது. தமிழ்க் கணிமையில் 'சேமி', 'நீக்கு', 'அனுப்பு', 'சமர்ப்பி' எனப் பகுதியளவில் நிற்கும் வடிவங்கள் நிலைபெற்றுவிட்டன. ஓய்வுக்கு இரண்டு ஆண்டே உள்ள தலைமையாசிரியை ஒருவரை நோக்கித் திரை 'சமர்ப்பி' என்கிறது. இந்தியில் 'சஹேஜேங்', 'பேஜேங்' என மரியாதை வடிவங்களும், கன்னடத்தில் 'உளிஸி' என மரியாதை ஏவலும், மலையாளத்தில் இடம் சுட்டாத '-உக' ஈற்று வடிவமும் வழங்குகின்றன. தமிழ் மட்டும் ஒருமை ஏவலை ஏற்றுக்கொண்டது.

பகுதி வடிவம் ஏவல் அன்று, அகராதிச் சொல் போலச் செயலின் பெயரே என்று இதற்கு விடை கூறுவர். கோட்பாட்டளவில் அதனை மறுக்க இயலாது. ஆனால் படிப்பவர் காதில் அது ஏவலாகவே ஒலிக்கிறது. அதிலும் சுற்றியுள்ள பாடம் 'நீங்கள்' என்று பேசும்போது நடுவில் ஒரு 'நீ' துருத்துகிறது. இடம் குறைவு என்பதும் காரணமாகக் கூறப்படுகிறது. 'அனுப்ப', 'சேமிக்க' என்னும் எச்ச வடிவங்கள் இடத்தை மிகுதியாகக் கொள்வன அல்ல. 'அனுப்ப இதனை அழுத்துங்கள்' என்பதன் சுருக்கமாக அவை இயல்பாகப் பொருள் தருகின்றன. ஆசிரியர்க்கான பாடங்களிலேனும் இவ்வடிவத்தைக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாசிரியர் கருத்து. மாணவர்க்கான பாடங்களில் 'அனுப்பு' என்றே இருப்பதில் இழுக்கில்லை.

வினாக்களில் மற்றொரு சிக்கல். பலவுள் தெரிவு வினாக்களில் எதிர்மறை வினா ஆங்கிலத்தில் தொடரின் தொடக்கத்தருகே தடித்த எழுத்தில் வரும். தமிழில் எதிர்மறை தொடரின் இறுதியில் அமையும்: 'பின்வருவனவற்றுள் குழந்தையை மையமாகக் கொண்ட கற்பித்தலின் பண்பாகக் கருதப்படாதது எது?' நீண்ட ஒரு சொல்லின் நடுவில் மறைந்துள்ள எதிர்மறை இடைநிலையைச் சிறு திரையில் விரைந்து படிப்பவர் தவறவிடுவர். அங்கே அளக்கப்படுவது கற்பித்தல் அறிவன்று, கண்ணின் கூர்மை. எதிர்மறை வினாவை உடன்பாட்டு வினாவாக மாற்றியமைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்குத் தரப்பட வேண்டும்.

7. கலைச்சொல் பற்றிச் சில

கலைச்சொற்களைப் பற்றி ஏற்கெனவே மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. ஈண்டு இரண்டொன்று மட்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்த்துக் கற்பிக்கும் கல்வி 'உள்ளடக்கிய கல்வி' எனவும் 'உள்ளடங்கிய கல்வி' எனவும் வழங்குகிறது. முன்னது பிறவினை: பள்ளி அனைவரையும் தன்னுள் கொள்கிறது. பின்னது தன்வினை: எது எதனுள் அடங்கியது என்ற வினா எழுகிறது. மேலும் 'அடங்குதல்' என்பதற்குப் பணிதல் என்ற பொருளும் உண்மையால், பிள்ளை பள்ளிக்குப் பணிய வேண்டும் என்ற நிழல் படிகிறது. ஓர் எழுத்து வேறுபாடு கல்விக் கொள்கையையே திருப்பிவிடுவதை இங்குக் காணலாம்.

கற்பவருக்குத் தற்காலிகமாகத் தரப்படும் படிப்படியான துணையைக் கட்டடத் தொழிலிலிருந்து எடுத்த உருவகத்தால் ஆங்கிலத்தில் குறிப்பர். தமிழில் 'சாரம்' என்னும் சொல் கொத்தனார்களிடம் வழங்குகிறது. ஆனால் தனித்து நிற்கும்போது 'சாரம்' பிழிவு என்று பொருள்படும். 'சாரம் கட்டுதல்' என வினையோடு சேர்த்தால் மயக்கம் நீங்கும். கட்டடம் எழுந்தபின் சாரம் பிரிக்கப்படும் என்பதும் உடன் விளங்கும். மாறாக, 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அடிப்படைக் கல்வித் திட்டத்திற்கு 'எண்ணும் எழுத்தும்' எனப் பெயரிட்டது மொழிபெயர்ப்பின் தேவையையே நீக்கிவிட்டது. ஆசிரியர்கள் அதனை விளக்கம் கேட்காமலே ஏற்றனர்.

கருவிக்கே பெயர் இன்னும் உறுதிப்படவில்லை. 'டிஜிட்டல்', சிங்கப்பூர் வழக்கான 'மின்னிலக்க', 'எண்ணிம' ஆகிய மூன்றும் உலவுகின்றன. ஆசிரியர்கள் 'டிஜிட்டல்' என்றே சொல்கின்றனர். அதில் எவருக்கும் குழப்பமில்லை.

8. எழுத்தும் ஒலியும்

பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலை தமிழுக்கு நன்கு பொருந்துவது. ஆசிரியர் வகுப்பில் எழுத்துத் தமிழில் வாசித்துப் பேச்சுத்தமிழில் விளக்குகிறார். பாடநூலின் தொடரும் ஆசிரியரின் விளக்கமும் இரு வழக்குகளில் அமைந்து ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. மொழிபெயர்க்கப்பட்ட காணொலிப் பாடத்தில் இது தலைகீழாகிறது. எழுதப்பட்ட மொழிபெயர்ப்பே பின்னணிக் குரலாக வாசிக்கப்படுவதால், விளக்க வேண்டிய இடத்திலும் எழுத்துத் தமிழே ஒலிக்கிறது. பெயரெச்சங்கள் அடுக்கிய நீண்ட தொடரைக் கண் திரும்பச் சென்று படித்துக்கொள்ளும். காது அவ்வாறு செய்ய இயலாது.

காணொலிக்கு முழுப் பேச்சுவழக்கும் பொருந்துவதில்லை. எந்த வட்டாரப் பேச்சு என்ற வினா உடனே எழும். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது தொலைக்காட்சியில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இதற்கு ஒரு நடுவழியைத் தாமாகவே கண்டனர். வினைவிகுதிகள் பேச்சுக்கு நெருங்கியும் சொற்கள் எழுத்துக்கு நெருங்கியும் அமைந்த ஒரு வகுப்பறைத் தமிழ் அது. மொழியியலார் அதனைப் பதிவு செய்து விவரிப்பது காணொலிப் பாடங்களை மொழிபெயர்ப்போர்க்குப் பெரிதும் துணையாகும். காணொலிக்கான மொழிபெயர்ப்பையும் அச்சுக்கான மொழிபெயர்ப்பையும் தனித்தனியே செய்விப்பதற்குச் செலவு மிகும் என்று நிர்வாகம் தயங்கலாம். குறைந்த அளவு, வாசிப்பவருக்குத் தொடர்களைப் பிரித்துக்கொள்ளும் உரிமையேனும் தரலாம்.

9. பொறி மொழிபெயர்ப்பும் ஒரு நிரலும்

2022இல் தொடங்கிய 'பாஷினி' திட்டமும், தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் 'அனுவாதினி' கருவியும் பொறி மொழிபெயர்ப்பை அரசுப் பாடங்களுக்குள் கொண்டுவந்துள்ளன. கலைச்சொல் சீர்மையிலும் விரைவிலும் இவை தரும் உதவியை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே கூறிய சிக்கல்கள் யாவும் பொறி எளிதில் வழுவும் இடங்களே. பொறி பெரும்பாலும் தொடர் தொடராகப் பெயர்க்கிறது. முதல் தொடரில் 'நாம்' என்றும் அடுத்ததில் 'நாங்கள்' என்றும், ஓரிடத்தில் 'எழுதுங்கள்' என்றும் மற்றோரிடத்தில் 'எழுதவும்' என்றும் தருவது அதற்குப் பிழையாகத் தோன்றாது. பின்திருத்தம் செய்பவரும் தனித்தொடர்களையே பார்ப்பாராயின் அவருக்கும் தோன்றாது. ஒவ்வொரு தொடரும் தனியே சரியானது. வழு பக்கத்தில் உள்ளதே தவிரத் தொடரில் இல்லை.

இதனைத் திருத்தப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மொழிபெயர்ப்புக்கு வரும் தொடர்கள் பெரும்பாலும் அட்டவணையாக வருகின்றன: ஒரு நிரலில் மூலம், அடுத்த நிரலில் வெற்றிடம். அவ்வட்டவணையில் மூலத்திற்கு இடப்புறம் மேலும் ஒரு நிரல் சேர்த்து, ஒவ்வொரு தொடருக்கும் பேசுவது யார், கேட்பது யார் என இரு சொற்களில் குறித்தனுப்பலாம். பாடக்குழு ஆசிரியரிடம், கருவி ஆசிரியரிடம், ஆசிரியர் மாணவரிடம், ஆசிரியர் தமக்குத்தாமே என்னும் நான்கு வகையுள் ஏறத்தாழ எல்லாம் அடங்கிவிடும். நிரலை நிரப்ப வேண்டியவர் மூலப்பாடத்தை எழுதியவர். அவ்வாறு நிரப்பும்போது, ஐந்தாவதாக ஒரு வகை, அதாவது எவரும் எவரிடமும் பேசாத தொடர்கள், தம் பாடத்தில் எத்தனை உள்ளன என்பதையும் அவர் காண்பார். அவற்றை மொழிபெயர்ப்புக்கு அனுப்புமுன் அவரே திருத்திவிடவும் கூடும்.